இன்கா சூரியனும் காப்பார் முனியாண்டியும்

இன்கா மக்கள் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது மச்சு பிச்சுவின் படம்தான். மேகம் சூழ்ந்த மலை, அதன்மேல் கல் வீடுகள், முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுப்பயணிகள். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் யாரைக் கும்பிட்டார்கள்? மழை பொய்த்தபோது யாரிடம் முறையிட்டார்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டார்கள்? இப்படிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன். காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, இப்போது கிள்ளானில் குடியிருந்து, தினமும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வருபவன். இரயில் பயணத்தில் படிக்கலாமே என்று இன்கா தெய்வங்களைப் பற்றிய ஒரு நூலை எடுத்தேன். ஒன்று நான்காகி, நான்கு பத்தாயிற்று. கடல் தாண்டி, கண்டம் தாண்டி இருந்த அந்தச் சாமிகள் படிக்கப் படிக்கத் தெரிந்தவர்களாக மாறினார்கள். அவர்களுக்கு நேர்ந்ததைப் படித்தபோது நம் தோட்டத்துச் சாமிகள் கண்முன் வந்து நின்றார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான்கு திசை நாடு

இன்கா மக்கள் தங்கள் நாட்டுக்கு வைத்த பெயர் 'தவான்டின்சூயு'. நான்கு பகுதிகள் சேர்ந்தது என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள கஸ்கோ அதன் தலைநகர். பச்சாகூட்டி என்ற அரசன் 1438 வாக்கில் பட்டத்துக்கு வந்த பிறகுதான் அந்த நாடு வேகமாக விரிந்தது. இன்றைய கொலம்பியாவின் தென் கோடியிலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை அது பரவியிருந்தது. 1532 நவம்பர் 16ஆம் தேதி கஹமார்க்கா நகரில் அரசன் அதவால்ப்பா ஸ்பானியர் கையில் சிக்கினான். அடுத்த ஆண்டு கொல்லப்பட்டான். இவ்வளவு பெயர் பெற்ற அந்தப் பேரரசு நூறாண்டு அளவுக்குத்தான் நின்றது.

அவர்களிடம் எழுத்து இல்லை. கணக்குகளை 'கீப்பு' எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் வைத்தார்கள். கதைகளை வாயால் சொன்னார்கள், பாடினார்கள், ஆடினார்கள்.

அவர்கள் சொன்ன படைப்புக் கதை இது. உலகம் இருட்டாக இருந்தபோது டிட்டிகாக்கா ஏரியிலிருந்து விராகோச்சா என்ற கடவுள் எழுந்தார். முதலில் கல்லிலிருந்து பூதங்களைப் படைத்தார். அவை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி மனிதர்களைப் படைத்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மொழி, ஒரு பாட்டு, விதைக்க ஒரு தானியம் கொடுத்து மண்ணுக்குள் அனுப்பினார். ஒரு கூட்டம் குகை வழியாக வெளியே வந்தது. இன்னொன்று ஊற்று வழியாக. மற்றொன்று மலை வழியாக. எந்த இடத்திலிருந்து வந்தார்களோ அந்த இடமே அவர்களுக்குக் குலக்கோயில் ஆயிற்று. எல்லாம் முடிந்ததும் விராகோச்சா கிழவர் வேடத்தில் கைத்தடியோடு ஊர் ஊராக நடந்து, கடைசியில் கடல்மேல் காலை வைத்து நடந்து போய்விட்டார்.

மொழியையும் விதையையும் பாட்டையும் ஒரே கையால் கொடுத்த கடவுள்! இதைப் படித்த அன்று இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டது.

'மாமா' என்றால் அம்மா

இன்கா தெய்வங்களின் பெயர்கள் நமக்கு வேடிக்கையாக ஒலிக்கும். கெச்சுவா மொழியில் 'மாமா' என்றால் அம்மா. 'பச்சமாமா' பூமித்தாய். 'மாமா கோச்சா' கடல் தாய். 'மாமா கில்லா' நிலாத்தாய். மலைகளில் குடியிருக்கும் காவல் தெய்வத்தை 'அப்பு' என்பார்கள்; ஐயா, ஆண்டை என்பது போன்ற மரியாதைச் சொல் அது. கஸ்கோவுக்கு அருகில் 6,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அவுசங்காத்தே மலைதான் அந்த வட்டாரத்தின் பெரிய அப்பு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஓசை ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு இன்காக்கள் தமிழர்களே என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிடாதீர்கள். உலகத்தில் எந்த இரு மொழிகளை அருகருகே வைத்தாலும் இப்படிச் சில சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகும். ஒருவரை மதிக்க அவர் நம் உறவினராக இருக்கத் தேவையில்லை.

இன்காக்களின் தலைமைத் தெய்வம் 'இன்டி', அதாவது சூரியன். அரசன் சூரியனின் மகன். ஆதி அரசன் மாங்கோ காப்பாக்கும் அவன் துணைவி மாமா ஓக்லோவும் சூரியனிடமிருந்து ஒரு தங்கக் கோலைப் பெற்று வந்தார்களாம். எந்த மண்ணில் அந்தக் கோல் ஒரே குத்தில் உள்ளே இறங்குகிறதோ அங்கே குடியேறுங்கள் என்பது தந்தையின் கட்டளை. கோல் இறங்கிய இடம் கஸ்கோ. விவசாயம் செய்யும் எவருக்கும் இந்தக் கதையின் உட்பொருள் புரியும். கோல் இறங்கும் மண் என்றால் வேர் இறங்கும் மண்.

இடி, மின்னல், மழைக்கு உரியவர் 'இல்யாப்பா'. கையில் கவண் வைத்திருப்பார். வானத்தில் தெரியும் பால்வெளி ஓர் ஆறு. அந்த ஆற்றில் அவருடைய தங்கை குடத்தில் தண்ணீர் மொண்டு வைத்திருப்பாள். அண்ணன் கவணைச் சுழற்றிக் கல்லை எறிவார். கவண் சுழலும் ஓசை இடி. அவர் ஆடையின் பளபளப்பு மின்னல். குடம் உடைந்து கொட்டுவது மழை.

சந்திர கிரகணம் வந்தால் ஏதோ ஒரு விலங்கு நிலாத்தாயைக் கடித்துத் தின்னப் பார்க்கிறது என்று பயந்தார்கள். ஊரே கூடிக் கூச்சலிடும்; நாய்களை அடித்து ஊளையிட வைப்பார்கள். அந்தச் சத்தத்தில் விலங்கு ஓடிவிடுமாம். நம் வீடுகளில் கிரகணத்தன்று பித்தளைத் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திவைத்த பாட்டிகளையும், கருவுற்ற பெண்களை வாசல் தாண்ட விடாத மாமியார்களையும் நினைத்துப் பாருங்கள். அங்கே விலங்கு, இங்கே இராகு கேது. பயம் ஒன்றுதான்.

இதையெல்லாம் இனிப்பாகச் சொல்லிவிட்டுக் கசப்பை மறைப்பது நேர்மையாகாது. இன்காக்கள் பெரிய ஆபத்துக் காலங்களிலும் அரசனின் முக்கிய நிகழ்வுகளிலும் குழந்தைகளை மலையுச்சிக்குக் கொண்டுபோய்ப் பலி கொடுத்தார்கள். 1999இல் அர்ஜென்டினா எல்லையில் யுயாயாக்கோ எரிமலையின் உச்சியில், 6,700 மீட்டருக்கு மேல், பனியில் உறைந்த மூன்று குழந்தைகளின் உடல்களை ஆய்வாளர்கள் எடுத்தார்கள். ஒரு மக்களின் சாமிகளைத் தெரிந்துகொள்வது என்றால் இதையும் சேர்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லும் சாமிதான்

இன்கா சமயத்தில் எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்ட சொல் 'வாக்கா'. சூரியன் அரசனின் தெய்வம். வாக்கா ஊர்மக்களின் தெய்வம். ஒரு பாறை, ஓர் ஊற்று, வயல் நடுவில் ஒரு நெட்டைக் கல், முன்னோரின் உடல், ஆற்று வளைவு, எதுவும் வாக்காவாக இருக்கலாம். கஸ்கோவைச் சுற்றி மட்டும் 328 வாக்காக்கள் இருந்ததாகப் பெர்னபே கோபோ என்ற பாதிரியார் 1653இல் எழுதி முடித்த நூலில் பட்டியலிட்டிருக்கிறார். நகரின் நடுவிலிருந்து கதிர்கள்போல் 40க்கும் மேற்பட்ட கோடுகள் புறப்படும். ஒவ்வொரு கோட்டிலும் உள்ள வாக்காக்களுக்குப் படையல் போடுவது இன்ன குடும்பத்தாரின் பொறுப்பு என்று முறை இருந்தது.

வாக்காவுக்கு என்ன படைப்பார்கள்? சோளத்தில் காய்ச்சிய 'சிச்சா' என்ற கள், கோக்கா இலை, சில நாள்களில் லாமா அல்லது கினியா எலி. இன்றைக்கும் ஆண்டிஸ் மலை ஊர்களில் குடிக்கும் முன் முதல் மிடறைத் தரையில் ஊற்றிப் பச்சமாமாவுக்குக் கொடுக்கிறார்கள். ஆகஸ்டு மாதம் அவளுக்கு உரிய மாதம். பூமி வாய் திறந்து பசியோடு இருக்கும் காலம் என்று நம்பிக்கை.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். லயத்துக்கு நடுவில் மாரியம்மன். தோட்டத்து எல்லையில், செம்மண் சாலை திரும்பும் இடத்தில், ஒரு மரத்தடியில் முனியாண்டி. இன்னொரு மூலையில் மதுரைவீரன், அல்லது காளி, அல்லது சங்கிலிக் கருப்பன். உருவம் கிடையாது, மஞ்சள் பூசிய கல், அருகில் ஒரு சூலம். படையல் கள்ளு, சுருட்டு, கருவாடு, சேவல். பால்மரம் சீவ விடியற்காலை இருட்டில் இறங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போகும்போது காலணியைக் கழற்றிவிட்டு ஒரு நொடி நின்று போவார்கள். பாம்பும் காட்டுப்பன்றியும் உள்ள இடத்தில் துணைக்கு வருகிறவர் அவர்.

இந்த நாட்டில் இப்படி நினைப்பவர்கள் நாம் மட்டுமல்லர். காப்பார், மேரு பக்கம் சாலையோரங்களில் சீனர்கள் வைத்திருக்கும் சிவப்புக் கூண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே சொங்கோக் அணிந்த ஒரு பெரியவர் இருப்பார். டத்தோ கோங் என்பார்கள். அவருக்குப் பன்றி இறைச்சி படைக்கமாட்டார்கள். வந்தேறிய மண்ணின் காவலரை, அவர் பழக்கத்தை மதித்துக் கும்பிடும் முறை அது. புது மண்ணில் கால் வைக்கிற மனிதன் முதலில் அந்த மண்ணிடம் அனுமதி கேட்கிறான்.

பிச்சைக்காரனாக வந்த கடவுள்

லீமா நகருக்குக் கிழக்கே உள்ள மலைப்பகுதி வாரோசிரி. இன்கா ஆட்சிக்கு உட்பட்ட பகுதி அது. அங்கே வழங்கிய கதை ஒன்றைச் சொல்கிறேன்; பிள்ளைகளுக்கும் சொல்லலாம்.

கூனிராயா விராகோச்சா கந்தல் உடுத்திப் பிச்சைக்காரனாகத் திரிந்தார். காவியாக்கா என்ற அழகி ஒருத்தி எந்த ஆணையும் நெருங்கவிடாமல் இருந்தாள். ஒருநாள் அவள் மரத்தடியில் நெசவு செய்துகொண்டிருந்தபோது கூனிராயா பறவையாக மாறி மரத்தில் அமர்ந்து, தன் வித்தை ஒரு பழத்துக்குள் வைத்துக் கீழே போட்டார். அவள் அதை எடுத்துச் சாப்பிட்டாள். கருவுற்றாள், பிள்ளை பிறந்தது.

பிள்ளைக்கு ஒரு வயதானதும் எல்லாத் தெய்வங்களையும் கூட்டி, தகப்பன் யார் என்று கேட்டாள். பட்டுடுத்தி வந்தவர்கள் வாய் திறக்கவில்லை. பிள்ளையைத் தரையில் விட்டாள். அது தவழ்ந்து போய்க் கடைசியில் உட்கார்ந்திருந்த கந்தல்காரரின் மடியில் ஏறிக்கொண்டது. இவனா என் பிள்ளைக்குத் தகப்பன் என்று அருவருத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடலை நோக்கி ஓடினாள். கூனிராயா பொன்னாடையோடு தன் உண்மை உருவத்தைக் காட்டிக் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சகாமக் கரையில் தாயும் பிள்ளையும் கல்லாகிப் போனார்கள். இன்றும் அங்கே கடலில் இரு பாறைத் தீவுகள் நிற்கின்றன.

பின்தொடர்ந்து ஓடிய கூனிராயா வழியில் கண்ட விலங்குகளிடம் வழி கேட்டார். அருகில்தான் போகிறாள், பிடித்துவிடலாம் என்று நல்லவார்த்தை சொன்ன கழுகுக்கு வரம் கிடைத்தது. வெகுதூரம் போய்விட்டாள் என்ற நரிக்குச் சாபம் கிடைத்தது. அந்த மலையில் எந்த விலங்கு ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கெல்லாம் இந்தக் கதைதான் விளக்கம்.

பிச்சாடனராக வந்த சிவனைத் தெரிந்த நமக்குக் கந்தல் கட்டிய கடவுள் புதியவர் அல்லர். ஆனால் நம் கதைகளில் பெரும்பாலும் கடைசியில் உண்மை தெரிந்து எல்லாரும் காலில் விழுவார்கள். இந்தக் கதையில் அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கடவுளுக்கும் கைகூடாத ஒன்று உண்டு என்று சொல்லத் துணிந்த மக்கள் அவர்கள்.

சாமிகள் மறையும் விதம்

ஸ்பானியர் வந்த பிறகு இந்தச் சாமிகள் என்ன ஆனார்கள்? பலவிதமாக மறைந்தார்கள்.

முதலாவது, இடிப்பு. கஸ்கோவின் சூரியக் கோயிலான கொரிகாஞ்சாவின் சுவர்களில் போர்த்தியிருந்த தங்கத் தகடுகளைப் பெயர்த்து உருக்கினார்கள். இரண்டாவது, மேலே கட்டுவது. அதே அடித்தளத்தின்மேல் சாந்தோ டொமிங்கோ தேவாலயம் எழுந்தது. 1950 மே மாதம் பெரிய நிலநடுக்கம் வந்தபோது தேவாலயத்தின் பல பகுதிகள் சரிந்தன. உள்ளே மறைந்திருந்த இன்கா கற்சுவர்கள் அசையாமல் நின்று வெளியே தெரிந்தன.

மூன்றாவது, பெயர் மாற்றம். இடிக் கடவுள் இல்யாப்பா, துப்பாக்கி முழக்கத்தோடு வந்த ஸ்பானியரின் புனித சந்தியாகோவோடு கலந்துபோனார். பொலிவியாவின் பொத்தோசி நகரில் 18ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று உண்டு. அதில் மரியன்னையின் உடை முக்கோண மலையாகவே வரையப்பட்டிருக்கிறது. மரியன்னையைக் கும்பிட்டவர்கள் மலையையும் சேர்த்தே கும்பிட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்ட சாமி பிழைத்துக்கொண்டது என்றும் சொல்லலாம். கரைந்துபோனது என்றும் சொல்லலாம்.

நான்காவது விதம்தான் சத்தமில்லாதது. சொல்லத் தெரிந்தவர் இறந்துபோவார். கேட்க ஆள் இருக்காது. கல் கல்லாகிவிடும்.

நம் தோட்டங்களில் நடப்பதை இந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. இன்று செத்தியா ஆலம் இருப்பது நார்த் ஹம்மோக் தோட்டத்து மண்ணில். பண்டார் புக்கிட் ராஜா எழுந்தது புக்கிட் ராஜா தோட்டத்தில். வல்லம்புரோசா, ஜாலான் அக்கோப் போன்ற தோட்டப் பெயர்களைக் காப்பார் வட்டாரத்தில் இன்று நிலைநிறுத்தி வைத்திருப்பவை தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகள்தான். 2007 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டதை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது.

இடிப்பைப் பற்றி நாம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். மற்ற மூன்று விதங்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. காரணம், அவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் நாமே. முனியாண்டி ஸ்ரீ முனீஸ்வரர் ஆகிறார். சுருட்டு மறைகிறது, சேவல் நிற்கிறது, கல்லுக்குப் பதில் இந்தியாவில் செதுக்கிய சிலை வருகிறது. தலவரலாறு என்று ஒட்டப்படும் தாளில் எந்தக் கோயிலுக்கும் பொருந்துகிற புராணம் நான்கு வரி இருக்கும். பலியை நிறுத்தியது நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஆனால் படையலை மாற்றும்போது கதையையும் சேர்த்துத் தூக்கி எறியவேண்டியதில்லை.

பெயர் தெரியாத ஒருவர்

எங்கள் தோட்டத்து முனியாண்டி இப்போது ஒரு தாமானின் ஓரத்தில், மாற்றிடமாகக் கிடைத்த சிறு நிலத்தில் இருக்கிறார். அழகான கோபுரம், கருங்கல் சிலை, வாரந்தோறும் கூட்டம். புதுக் கார் வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு போக மேருவிலிருந்தும் வருகிறார்கள்.

இன்கா முன்னோர் வழிபாட்டைப் படித்துக்கொண்டிருந்த நாள்களில், 82 வயதான என் பெரியம்மாவிடம் அந்த முனியாண்டி எப்படி வந்தார் என்று கேட்டேன். காய்கறி நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

"சாமின்னு கும்புடுறோம். அவரு நம்மளாட்டம் கூலிக்கு வந்த மனுசன்தான்டா தம்பி. ரப்பர் கன்னு நடுறதுக்குக் காட்ட வெட்டுனப்ப மரம் சாஞ்சு அங்கேயே போயிட்டாரு. கப்பல்ல தனியா வந்தவரு. கொள்ளி போட ஆளில்ல. கூட வேல செஞ்சவங்க விழுந்த எடத்துல கல்ல நட்டு வெளக்கு வெச்சாங்க. எங்க தாத்தா சொல்லிக் கேட்டது."

"அவர் பேர் என்ன பெரியம்மா?"

"பேரு தெரியலையே. முனியாண்டின்னு வெச்சுட்டாங்க."

போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு வழிபட்டது தமிழரின் பழைய மரபு. காட்டோடு நடந்த போரில் விழுந்த ஒரு கூலிக்கும் அதே மரியாதையைச் செய்திருக்கிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர்கள். கம்பெனிக் கணக்கில் அந்தச் சாவுக்கு ஒரு வரிகூடக் கிடைத்திருக்குமா தெரியாது. உறவில்லாத ஒருவரின் சாவை நூறாண்டுக்கும் மேல் நினைவில் வைத்திருந்தது அந்தக் கல்லும், அதைச் சுற்றிய கதையும்தான். புதுக் கோயிலில் அந்தப் பழைய கல் கருவறைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. நிர்வாகத்தில் உள்ள இளைஞர் இருவரிடம் பெரியம்மா சொன்னதைச் சொன்னேன். ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றவர், "அண்ணே, செத்தவர் கதைன்னு தெரிஞ்சா ஆளுங்க வர யோசிப்பாங்க" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதைப் பலகையில் எழுதலாமா என்பது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எழுதி வைத்தது யார்?

இன்கா சாமிகளின் கதைகள் இன்று நம் கைக்குக் கிடைப்பது எப்படி? இதில்தான் வரலாறு ஒரு கசப்பான வேடிக்கை செய்திருக்கிறது.

மேலே சொன்ன கூனிராயா கதை, 1608 வாக்கில் கெச்சுவா மொழியிலேயே எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் படியில் இருக்கிறது. அதன் பின்னணியில் இருந்தவர் பிரான்சிஸ்கோ டி ஆவிலா என்ற பாதிரியார். உள்ளூர்ச் சாமிகளை வேரோடு பிடுங்குவதற்காக அவை எங்கே இருக்கின்றன, அவற்றின் கதை என்ன என்று தகவல் திரட்டியவர் அவர். 1609இல் லீமா நகரச் சதுக்கத்தில் திரளான சிலைகளையும் முன்னோர் உடல்களையும் தீயிட்டுக் கொளுத்தினார். சாமிகள் எரிந்தன, கதை எழுதிய தாள்கள் தங்கிவிட்டன. அந்தப் படி இன்று மட்ரிட் நகரில் ஸ்பெயின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அழிக்க வந்தவரின் கோப்பிலிருந்துதான் அந்த மக்கள் தங்கள் பழங்கதையைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்னொருவர் கார்சிலாசோ டி லா வேகா. தாய் இன்கா அரச குலம், தந்தை ஸ்பானியர். 1539இல் கஸ்கோவில் பிறந்து, இளவயதில் ஸ்பெயினுக்குப் போய்விட்டார். சிறுவனாகத் தாய்வழி மாமன்மார் வாயால் கேட்டதையெல்லாம் முதுமையில் எழுதி 1609இல் லிஸ்பனில் நூலாக வெளியிட்டார். தங்கக் கோல் கதை நமக்குத் தெரிவது அவரால்தான். ஸ்பானிய ஆட்சியில் தடைசெய்யப்பட்ட 'இன்டி ராய்மி' என்ற சூரியப் பெருவிழாவை 1944இல் கஸ்கோ மக்கள் மீண்டும் எடுத்தபோது, எப்படி நடத்துவது என்று அவர் நூலைப் பார்த்தே தீர்மானித்தார்கள். இன்று ஆண்டுதோறும் ஜூன் 24ஆம் தேதி சக்சாயுவமான் கோட்டையில் அந்த விழா நடக்கிறது. மாமன்மார் சொன்னதை ஒரு பையன் காது கொடுத்துக் கேட்டான். 300 ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஓர் ஊருக்குத் திருவிழா திரும்பக் கிடைத்தது.

இன்காக்களிடம் எழுத்து இல்லை. நம்மிடம் ஈராயிரம் ஆண்டு எழுத்து இருக்கிறது. கைப்பேசியில் ஒலிப்பதிவுக் கருவியும் இருக்கிறது. நமக்கு இல்லாதது காலம். தமிழகத்திலிருந்து உதவிபெற்று வந்த தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. அந்த ஆண்டு ஐந்து வயதுக் குழந்தையாகக் கப்பலில் வந்திறங்கியவருக்கு இன்று தொண்ணூறு தாண்டியிருக்கும். வந்தவர்கள் வாயால் நேரில் கேட்டவர்களே இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அடுத்த தலைமுறைக்குப் போவது அவர்கள் வாய்வழிதான். பிறகு வழி இல்லை.

கேட்கவேண்டிய கேள்விகள்

இந்த வாரம் வீட்டுப் பெரியவரிடம் உட்கார நேரம் கிடைத்தால் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டுப் பார்த்ததில் பலன் தந்த கேள்விகள் இவை.

உங்கள் தோட்டத்து எல்லையில் எந்தச் சாமி இருந்தது? சிலையா, கல்லா, சூலமா, வெறும் மரமா?

அந்தச் சாமியை முதலில் வைத்தது யார்? எந்த ஊரிலிருந்து வந்தவர்? அங்கிருந்து பிடிமண் கொண்டுவந்தார்களா, அல்லது இங்கேயே தோன்றியதா?

என்ன படைத்தார்கள்? எப்போது நிறுத்தினார்கள்? ஏன்?

சாமி யார்மேல் வந்தது? வந்தபோது என்ன சொன்னது?

தோட்டம் போனபோது சாமியை எங்கே கொண்டுபோனார்கள்? பழைய இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

'சாமியைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று மொத்தமாகக் கேட்டால் 'சக்தி வாய்ந்த சாமி' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். படையலைப் பற்றிக் கேட்டால் பேச்சு நிற்காது. சமையல் ஞாபகம் வழியாக மற்றதெல்லாம் வெளியே வரும். அவர்கள் பேசுவதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள்; திருத்தவேண்டாம். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், சொன்னவர் பெயர், தேதி, இந்த நான்கையும் பதிவின் தொடக்கத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு படி உங்களிடம், ஒரு படி அந்தக் கோயில் நிர்வாகத்திடம் இருக்கட்டும். கதை நம்பும்படியாக இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். கூனிராயாவின் கதையை ஒருவர் நம்பமுடியாதது என்று விட்டிருந்தால் நாம் இன்று அதைப் படித்திருக்க முடியாது.

சாமியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் காப்பார் காட்டில் மரம் விழுந்து செத்த ஒருவர் இருந்தார் என்பதும், அவருக்காக நான்கு பேர் வேலையை நிறுத்திவிட்டு ஒரு கல்லை நட்டார்கள் என்பதும் வேறு எந்த ஏட்டிலும் இல்லை. பெரியம்மா சொன்னது மூன்று நிமிடம் நாற்பது விநாடி. என் கைப்பேசியில் இருக்கிறது.